சாக்கில் போன பூனை

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ். முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருக்கும் இரண்டு பெண்கள். திடீரென்று மூத்தவள் சொன்னாள்:

"என் பூனைய நீ மயக்கி வச்சிருக்க."

"உங்க பூனையாக்கா? நீங்கதானே சாக்குல கட்டிக் கொண்டுபோய் டவுன் மீன் கடைகிட்ட விட்டீங்க?"

"விட்டேன். கறிச்சட்டியில வாய வச்சா என்ன செய்ய? ஆனா தேயிலைக்குள்ள கெடந்தத தூக்கிட்டு வந்து சோறு போட்டது நான். திரும்பி வந்த கழுத, என் வாசலுக்குல்ல வந்திருக்கணும்?"

"கோவமா இருக்கும்."

"அதுக்காக உன் வெறகு அடுக்குலயா குட்டி போடும்? நம்ம நடுச்செவருதான் கூரை வரைக்கும் இல்லையே. அது மேல உக்காந்து எங்க வீட்டயே பாக்குது. கூப்பிட்டா மூஞ்சியத் திருப்பிக்கிது."

"குட்டி ஒண்ணு தரட்டுமாக்கா?"

"உன் குட்டி யாருக்கு வேணும்?"

பிறகு மூத்தவள் பையிலிருந்து ஒரு நெத்தலிக் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து மற்றவள் மடியில் வைத்தாள்.

"இத அதுக்குப் போடு. உன் தட்டுல வைக்காத. அதோட பழைய தட்ட கழுவி வச்சிருக்கேன், தர்றேன். யாரு போட்டதுன்னு அதுக்குத் தெரியட்டும்."