வராத இரண்டாம் பாகம்

"நேத்து கதாநாயகன நானே சாவடிச்சிட்டேன்" என்றாள் முன்சீட்டு நர்ஸ். எழுபதுகளில், மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் கேட்டது.

கண்டக்டர் திரும்பினார். "இன்னாக்கா சொல்றே?"

"கல்லு தெறிச்சி ஒரு சிற்பி ரெண்டு கண்ணுலயும் கட்டோட கீறாரு. தெனம் கதை படிச்சிக் காட்டுவேன். ரெண்டாம் பாகத்த லைப்ரரிலேர்ந்து எவனோ எட்த்துனு போயி எட்டு மாசமாவுது. அதான் நானே இட்டுக்கட்டிச் சொல்லிகினு கீறேன்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியுமே! 'பக்கம் திருப்புற சத்தமே காணோமேம்மா. பரவால்ல, சொல்லு. செத்தவன மட்டும் பொழைக்க வெச்சிடு'ன்னாரு."

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கதையின் பெயரையும் அவள் சொன்னாள்; அந்த இரண்டாம் பாகம் எட்டு மாதமாக என் அலமாரியில்தான் இருந்தது. வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இன்றும் அது என்னிடம்தான் இருக்கிறது. அதில் அந்தக் கதாநாயகன் கடைசியில் பிழைத்துவிடுகிறான்.