நல்லா இருக்கிற பிள்ளைங்க

அப்பா: கைய ஏன் இப்படி இறுக்கி வச்சிருக்க? ஒரு ஊசி, கொஞ்சூண்டு ரத்தம். அவ்வளவுதானே.

மகள்: ஊசிக்குப் பயமில்லப்பா.

அப்பா: பின்ன?

மகள்: சும்மா... ஏசி ஜில்லுனு இருக்கு.

அப்பா: ஏசி ஓடவே இல்ல. மேல பாரு, ஃபேன்கூட சுத்தல.

மகள்: நீங்க மட்டும் என்னவாம்? உக்காந்ததுலேர்ந்து கால் தன்னால ஆடுது.

அப்பா: அது... பஸ் ஓட்டுறவன் கால் சும்மா இருக்குமா?

மகள்: பிரேக் போட்டுக்கிட்டே இருக்கீங்க.

அப்பா: வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. காலையில ஒழுங்கா சாப்பிட்டிருந்தா தெம்பா இருக்கும்ல?

மகள்: சாப்பிட்டேனே.

அப்பா: தட்டுல விரலால கோடு போட்டுட்டு எழுந்துட்ட.

மகள்: வேவு பாக்குறீங்களா?

அப்பா: சேச்சே... தண்ணி குடிக்க வந்தேன், கண்ணுல பட்டுச்சு.

நர்ஸ்: அடுத்து யாரு? பள்ளிக்கூடத்துல பேர் குடுத்த பிள்ளையா?

அப்பா: ஆமா சிஸ்டர், என் பொண்ணு. பத்தாவது படிக்கிறா. இவ அந்த... நல்லா இருக்கிற பிள்ளைங்க பக்கம்.

நர்ஸ்: தெரியும் சார். இந்த ஆராய்ச்சியில மனச்சோர்வுக்கு வைத்தியம் பாத்துக்கிற பிள்ளைங்க ரத்தத்தையும், நல்லா இருக்கிற பிள்ளைங்க ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பாப்பாங்க. உக்காரும்மா. கைய நீட்டு.

மகள்: சிஸ்டர்... ரத்தத்துல நிஜமாவே தெரியுமா?

நர்ஸ்: என்ன தெரியும்?

மகள்: ஒருத்தருக்கு... உள்ள எப்படி இருக்குன்னு.

நர்ஸ்: தெரியுமான்னு பாக்கத்தான் இந்தப் பாடு. ரத்தம் எடுத்து சர்க்கரை இருக்கான்னு சொல்லிடுறோம்ல, அது மாதிரி இதையும் சொல்ல முடியுமான்னு தேடுறாங்க. இன்னும் பிடிபடல.

அப்பா: இவளோடத மட்டும் தனியா பாத்தா... கொஞ்சம் ஏதாவது...

மகள்: எனக்கென்னப்பா? நான்தான் நல்லா இருக்கிறவளாச்சே.

அப்பா: அதான், அதான். ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

நர்ஸ்: விரல மடக்கிக்கோ. லேசா சுருக்குனு இருக்கும்... ஆச்சு, ஆச்சு.

மகள்: ரொம்பக் கறுப்பா இருக்கே.

நர்ஸ்: எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மகள்: எல்லாருக்குமா?

நர்ஸ்: எனக்கு எடுத்தாலும் இதே நிறந்தான்.

மகள்: ரிசல்ட் எப்ப வரும்?

நர்ஸ்: உனக்கா? வராதும்மா. குழாய் மேல நம்பர் மட்டும்தான். பரிசோதிக்கிறவங்களுக்கே யார் ரத்தம்னு தெரியாது.

அப்பா: வீட்டுக்கு ஒரு வார்த்தை... போன்லயாவது?

நர்ஸ்: இல்ல சார். கையெழுத்து வாங்கறப்பவே சொல்லியிருப்பாங்களே.

அப்பா: சொன்னாங்க... காதுல ஏறல.

நர்ஸ்: பஞ்ச அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வெளிய பெஞ்சுல உக்காருங்க. என்ன, முகம் வெளுத்துப் போச்சு? மயக்கம் வருதா?

மகள்: இல்ல சிஸ்டர்.

நர்ஸ்: உன்னக் கேக்கல. அப்பாவக் கேட்டேன்.

அப்பா: ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல. வாம்மா, வெளிய போலாம்.

மகள்: இந்தப் பெஞ்சுல உக்காருங்க. தண்ணி குடிங்க.

அப்பா: நீ குடி மொதல்ல.

மகள்: ...யாருக்கும் தெரியப் போறதில்லையாமே.

அப்பா: ம்.

மகள்: சரி, வாங்க. மத்தியானம் உங்களுக்கு டூட்டி இருக்கு.

அப்பா: இருக்கட்டும். கொஞ்ச நேரம் உக்காரு.

மகள்: சரி, உக்காந்துட்டேன்.

அப்பா: பஞ்ச எடுத்துடு. ரத்தம் நின்னுடுச்சு.

மகள்: அப்பா... ஒண்ணு சொன்னா கத்த மாட்டீங்களே?

அப்பா: நான் உன்கிட்ட எப்ப கத்தியிருக்கேன்?

மகள்: அம்மாகிட்டயும் இப்போதைக்கு...

அப்பா: நீ சொல்லு.

மகள்: நான் நல்லா இல்லப்பா. இந்த ஆராய்ச்சிக்கு ஆள் சேக்க டாக்டரம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்டப்ப எல்லாத்துக்கும் சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னேன். நல்லா தூங்குறேன், நல்லா சாப்பிடுறேன்னு. அத்தனையும் பொய். தூக்கமே வரல. விடிஞ்சா, ஐயோ இன்னொரு நாளான்னு இருக்கு. சில நேரம்... இருக்கவே வேணாம்னு தோணுது.

அப்பா: எவ்வளவு நாளா... சரி, அத விடு. சொல்லு, சொல்லு.

மகள்: உங்ககிட்ட சொல்ல எத்தனையோ தடவ வந்தேன். வாய் வரல. ரத்தம் எடுத்தா அதுவே காட்டிக் குடுத்துடும், நீங்களே வந்து கேப்பீங்கன்னுதான் பேர் குடுத்தேன். இப்ப பாருங்க, அதுவும் சொல்லாதாம். ஏதாவது பேசுங்கப்பா. பயமா இருக்கு.

அப்பா: எழுந்திரு. அந்த டாக்டரம்மா மாடியிலதான் இருக்காங்க. இப்பவே போறோம்.

மகள்: இப்பவேவா? அந்தக் குழாய வேற நல்லா இருக்கிறவங்களோட வச்சிடுவாங்களே...

அப்பா: அதையும் சொல்லிக்கலாம். என் கையப் பிடிச்சுக்கோ. ஒரு நிமிஷம்கூட விடாத.

மகள்: உங்களுக்கு... தூக்கிவாரிப் போடலையாப்பா? நான் இவ்வளவு சொல்றேன்.

அப்பா: உன் ரூம் தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சுன்னு கழட்டினேனே... அதுல துருவே இல்ல கண்ணு. நீ மூச்சு விடுறது கேக்குதான்னு தினம் கதவுக்கு வெளியதான் படுத்துக் கிடந்தேன். வாயத் திறந்து கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம். உன் ரத்தமாவது எனக்குச் சொல்லட்டும்னுதான் நானும் கையெழுத்துப் போட்டேன்.