விளாங்குடிக்கு வேண்டாத டிரான்ஸ்பார்மர்

— நான் பாக்குற விளாங்குடி சப்ஸ்டேஷனுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வேண்டாமா? ஏம்மா இந்துப்ரியா, இந்த ரூம் பூரா கம்ப்யூட்டரக் கோத்து வச்சு மாசக்கணக்குல ஓட்டி, இதத்தான் கண்டுபிடிச்சீங்களா? இதக் கேக்கவா ஆரப்பாளையத்துல பஸ் மாறி ஒத்தக்கடை வரைக்கும் வந்தேன்?

— கோபப்படாதீங்க ஜலால் சார். ஆக்சுவலா, தென்மாவட்டத்து லைன ஒண்ணொண்ணா அறுத்துவிட்டா மிச்ச லைன் தாங்குமான்னு பாக்குற கணக்கு. ஒத்த மெஷின்ல போட்டா, அது முடியுறதுக்குள்ள என் சர்வீசே முடிஞ்சிரும். அதான் எல்லாத்தையும் சேத்துக் கட்டிருக்கோம்.

— அம்புட்டு மெஷினுக்கும் எங்க டிரான்ஸ்பார்மர் சாயங்காலமானா உறுமுறது கேக்கலையாக்கும்?

— ஆக்சுவலா உங்க மீட்டர் வேற சொல்லுது சார். ஊரே லைட்டப் போடுற நேரத்துல விளாங்குடி லோடு பாதியா இறங்குது.

— இறங்குதா! வயக்காடெல்லாம் வீடாயிருச்சு. வீட்டுக்கு வீடு கிரைண்டரு, கலர் டிவி, இப்ப ஏசி வேற. எப்படிம்மா இறங்கும்?

— நீங்களே ஸ்கிரீனப் பாருங்க. தினமும் இருட்டுறப்ப விழுது, சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் எந்திரிக்குது.

— யா அல்லா. அது நாந்தாம்மா.

— நீங்களா?

— லோடு ஏறுனதும், தெருவுக்குக் கரண்ட் போற பீடர் லைன்ல ரெண்ட நிறுத்தச் சொல்லிருவேன். பழைய டிரான்ஸ்பார்மர்; எரிஞ்சிட்டா ஊரே இருட்டு. அதப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். ஊருக்காரன் என் குடும்பத்தையே இழுத்து ஏசுறான்.

— அய்யோ சார்! கரண்ட் இல்லாத நேரத்த, கரண்ட் தேவையில்லாத நேரம்னு மெஷின் எடுத்துக்கிருச்சு.

— நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?

— நீங்க சொல்லிருக்கலாம்ல? எனக்கும் எரிச்சலாத்தான் வருது சார். விளாங்குடிப் பக்கத்துக் கணக்க மறுபடியும் ஓட்டணும்.

— ஓட்டுங்க. நிறுத்துனத நான் எழுதித் தாரேன்.

— மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்ல அத ஒத்துக்க மாட்டாங்க. மீட்டர்ல பதிவான லோடத்தான் காட்டணும். எந்த ஊருக்குப் புது டிரான்ஸ்பார்மர்னு திங்கக்கிழமை லிஸ்ட் முடிவாகுது. இத விட்டா அடுத்த பிளான் எப்பவோ.

— நிறுத்தாம விட்டா மீட்டர்ல ஏறுமா?

— ஏறும். ஆனா, அந்தக் கிழட்டு டிரான்ஸ்பார்மர்...

— அந்த போன இப்படித் தள்ளுங்க... சப்ஸ்டேஷன்ல யாரு, சோணையா? ஜலால் பேசுறேன். இன்னைக்கு ஒரு பீடரையும் நிறுத்தாதீங்க... தெரியும்யா, ஆயில் கொதிக்கும். கொதிக்கட்டும். நீங்க யாரும் பக்கத்துல நிக்காதீங்க.