பதினோரு கேசட்டுகள்

கூடத்துச் சுவருக்கு வெளிர்பச்சை அடித்தது முதலிலா, சமையலறைத் தரையை மாற்றியது முதலிலா என்று இப்போது சரியாக நினைவில்லை. இத்தனைக்கும் நான் தேதிகளை மறப்பவள் அல்ல. லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில், எந்த ஆள் எந்தக் கட்டடத்துக்கு எப்போது போக வேண்டும் என்று இருபது வருடமாக அட்டவணை போடுகிறேன். ஆனாலும் கடந்த இரண்டு வருடங்களில் சில காரியங்கள் இடம் மாறி நிற்கின்றன. வரிசை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வாரத்துக்கும் ஓர் அட்டவணை உண்டு. ஐந்து நாள் அலுவலகம். சனிக்கிழமை வீட்டு வேலை: பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, வர்ணம். ஞாயிற்றுக்கிழமை குரோஷா ஊசி. சணல், பழைய துணிக் கிழிசல், பிளாஸ்டிக் பை, எது கிடைத்தாலும் கூடையாகவோ பையாகவோ பின்னிவிடுவேன்.

என் கணவர் கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடியவர். அந்தக் காலத்து மேடைகளில் பதிவு செய்த பதினோரு கேசட்டுகள் அவரிடம் இருந்தன. வேறு பிரதி எங்கும் கிடையாது. கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு தன் இருபத்தைந்து வயதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதிலிருந்து வெளியே வரும்போது எதிரே நிற்பது நான்.

"லிப்ட்டம்மா வந்தாச்சா? இன்னிக்கு மேல போறதா, கீழ போறதா?"

விருந்தாளிகள் இருந்தால் இன்னும் உற்சாகமாகிவிடுவார். நான் பின்னிய கூடையைத் தூக்கிக் காட்டி, "இதுல என்ன வைக்கிறது, இவ மூளையையா? அதுக்கு எதுக்கு இவ்ளோ பெருசு?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சுவருக்கு வேறு நிறம் அடிக்கலாமா என்று கேட்டால், "ஒரு ஆணி அடிக்கறதுன்னாலும் என்னைக் கேக்கணும். கேட்டாலும் வேணாம்னுதான் சொல்வேன்" என்பார். பதினெட்டு வருடம். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் அடைப்பு. நடை நாலு மாதத்தில் தேறியது. பேச்சு போய்விட்டது. எழுத்தும் சேர்ந்து போனது. நாம் சொல்வது புரியும், பதில் மட்டும் வராது.

நான் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். நேரத்துக்கு மாத்திரை, கஞ்சி போடாத பருத்திச் சட்டை, வாரம் இருமுறை சவரம். சனிக்கிழமைகளில் ஆள் வைத்து, சின்ன அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தேன். வெளிச்சம் உள்ளே வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அப்படி ஓர் அமைதி இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு பேச்சுப் பயிற்சி தரும் பெண் வரத் தொடங்கினாள். கெட்டிக்காரி. பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் பாட்டு மிச்சம் இருக்கும் என்றாள். கடையில் விற்கும் பாட்டுகளைப் போட்டுப் பார்த்தாள், அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய கேசட் ஒன்றைப் போட்டதும் கூடவே பாடினார். மூன்று மாதத்தில், பாடிக்கொண்டே வந்து பாட்டை நிறுத்தியதும் ஒன்றிரண்டு சொற்கள் தானாக வந்தன. தண்ணி. போதும். ஒரு வெள்ளிக்கிழமை, இடித்த இடத்தைக் காட்டி, முழுசாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"யாரைக் கேட்டு இடிச்ச?"

அந்தப் பெண் கை தட்டினாள். அவள் கண் கலங்கியது. "பாத்தீங்களாக்கா! சாருக்கு எல்லாம் திரும்பிரும். இந்தக் கேசட்டுங்க பழசு, அறுந்துடப் போகுது. எங்கயாவது குடுத்துக் காப்பி எடுத்து வெச்சிருங்க. இது இல்லேன்னா நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"எடுத்துடறேன்மா. வாரத்துக்கு ஒண்ணா கொண்டு போறேன்" என்றேன்.

ஒரு கேசட்டில் ஐந்து திருகாணிகள். கழற்றினால் நாடா அவிழ்ந்து மடியில் விழும். எண்பது, தொண்ணூறு மீட்டர் வரும். கறுப்பும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு மினுக்கம். ஊசியில் கொஞ்சம் வழுக்கும், இறுக்கிப் பிடித்தால் நன்றாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. பூஞ்சை பிடித்துவிட்டது, கடைக்காரர் கைவிரித்துவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணிடம் சொல்வேன். கேசட்டுகள் குறையக் குறைய அவர் சொற்களும் குறைந்தன. எட்டாவதுக்குப் பிறகு 'தண்ணி'யும் வரவில்லை. மிச்சம் மூன்று இருந்தன. அட்டவணை போட்ட பிறகு பாதியில் விடுவது என் வழக்கம் அல்ல.

பை நன்றாக வந்தது. நாத்தனார் வந்திருந்தபோது அவளுக்கே கொடுத்தேன். தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன நூல் அண்ணி இது? இப்படி மினுக்குது! அண்ணா, உன் பொண்டாட்டி கைய பாரு, தங்கக் கை."

அவர் பையை வாங்கினார். விரல் நகத்தால் ஓர் இழையை நெம்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேசட்டோடு வாழ்ந்தவர், நாடாவைத் தெரியாதா? பிறகு என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "ப... ப..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. கண்ணிலிருந்து நீர் இறங்கித் தாடை வரை வந்தது.

"அண்ணாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு போல அண்ணி" என்றாள் நாத்தனார்.

"ஆமா, பிடிச்சிருக்கு" என்றேன். பையை அவர் பிடியிலிருந்து விடுவிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பேச்சுப் பயிற்சிப் பெண் இனி முன்னேற்றம் இருக்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறொரு மருத்துவமனைக்குப் போய்விட்டாள். நாத்தனார் அந்தப் பையோடுதான் வேலைக்குப் போகிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்களாம். எனக்குப் பதவி உயர்வு வந்தது. இடித்த சுவர் இருந்த இடத்தில், அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடமாக எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. மனசு ஒத்துப்போக இத்தனை காலம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.