இடப் பக்கம் மெஷின், வலப் பக்கம் நான்

தொப்பியோடு உட்கார்ந்திருப்பதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். மரியாதை தெரியாதவன் இல்லை. ஏன் கழற்றவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முடி நடும் டாக்டரே வழுக்கைத் தலையனாக இருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "உங்களுக்கு ஏன் டாக்டர் நட்டுக்கலை?" என்று கேட்காமல் ஒருவரும் என்னிடம் தலையைக் கொடுத்ததில்லை. "எனக்கு நட என்னை மாதிரி இன்னொரு ஆள் கிடைக்கலையே" என்பேன். பத்தொன்பது வருடமாக ஒரே பதில். சொல்லிச் சொல்லி அதை நானே நம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தங்கக் கை என்று பெயர். பின்னந்தலையிலிருந்து முடியை ஒவ்வொரு வேராகத் துளைத்தெடுத்து முன்னால் நடுவது என் வேலை. அதற்குப் பொறுமை வேண்டும், வளைகிற முதுகு வேண்டும், கொஞ்சம் கர்வமும் வேண்டும். கர்வம் மட்டும் என்னிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் முதலாளி, பெரிய டாக்டர், வேர் எடுக்கும் ரோபோ ஒன்றை வாங்கினார். ஒரே தலையில் பாதிக்கு அது எடுக்கட்டும், பாதிக்கு நான் எடுக்கட்டும், நன்றாக முளைப்பது எதுவோ அதுவே இனிமேல் என்றார். தோற்றால் எனக்கு ஆலோசனை அறையில் ஒரு நாற்காலி. கருவியைத் தொட வேண்டியதே இல்லை.

அந்தத் தலைக்கு என் மச்சினனைத் தேர்ந்தெடுத்தேன். மனைவியின் தம்பி. முப்பத்திரண்டு வயது, வாயில்லாப் பூச்சி. கல்யாணப் பேச்சு எடுத்த இடமெல்லாம் வழுக்கை குறுக்கே நின்றது. "நீங்க பக்கத்துல இருக்கும்போது எனக்கென்ன பயம் மாமா" என்றான். மனைவியும், "அவன் வாழ்க்கையே உங்க கையிலதான் இருக்கு" என்றாள். இரண்டு பேரும் சொன்னதில் தப்பில்லை.

ரோபோ வேர் எடுத்தபோது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினேன். அது எடுத்த எழுநூறு வேர்களை நுண்ணோக்கியில் பார்த்தால், அறுபட்டவை இருபதுகூடத் தேறவில்லை. நான் எடுத்த எழுநூறில் நூற்றுக்கு மேல். மறுபடி எண்ணினேன். நூற்றுப் பதினைந்து ஆகிவிட்டது. அதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எடுத்த வேர் நடும்வரை குளிர்ந்த உப்புநீரில் கிடக்க வேண்டும். காய்ந்தால் செத்துவிடும். செத்தது பார்வைக்குத் தெரியாது. எங்கள் வழக்கப்படி, எடுப்பது யாராக இருந்தாலும் வேர்த் தட்டு என் பொறுப்பு. நர்ஸம்மாவைச் சாப்பிட அனுப்பினேன். ரோபோவின் தட்டில் இருந்த நீரை வடித்து, வேர்களை உலர்ந்த துணியில் விளக்கடியில் பரப்பினேன். பிறகு டீ குடித்தேன். சூடாக இருந்ததால் மெதுவாகத்தான் குடிக்க முடிந்தது. மரத்த தலையோடு படுத்திருந்த மச்சினன், கல்யாணத்துக்கு எப்படி வாரிக்கொள்ளலாம் என்று கேட்டான். வகிடெடுத்து வாரச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்து அத்தனை வேரையும் அழகாக நட்டேன். நட்டதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

எட்டு மாதத்தில் வலப் பக்கம் முடி, இடப் பக்கம் கட்டாந்தரை. அவனுக்குப் பின்னந்தலையில் இருந்ததே கொஞ்சம். மறுபடி எடுக்க அங்கே ஒன்றுமில்லை. அது எனக்கு முன்பே தெரியும். "மெஷினை நம்பினது என் தப்பு மாமா. முழுசா உங்ககிட்டயே விட்டிருக்கணும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது. அது நிஜமான அழுகை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தலை போதாது, இன்னும் ஐந்து பார்க்கலாம் என்றார் பெரிய டாக்டர். ரோபோவின் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் நுண்ணோக்கியில் பார்த்தவனுக்கு நேர் எதிரே இருந்த கேமரா தெரியவில்லை, பாருங்கள். நீங்கள் போட்டுக் காட்டிய படம் கடைசி ஆளுடையது. மற்ற ஐந்து பேரையும் நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் வேலை மிச்சம்.

"சொந்த மச்சினனையுமா சார்?" என்று என் வாக்குமூலத்தை எழுதும் இந்த போலீஸ் அம்மா கேட்கிறார். முன்பின் தெரியாதவன் கேஸ் போடுவான், அம்மா. மச்சினன் போடமாட்டான். மற்றவர்களையும் அதே மாதிரி சாதுவான ஆட்களாகப் பார்த்துத்தான் பொறுக்கினேன்.

மனிதக் கைக்கு ஈடாக எதுவும் வரக்கூடாது என்றுதான் இதைச் செய்தேன். ஈடில்லை என்றே இப்போதும் நம்புகிறேன்.

சரி, தொப்பியைக் கழற்றுகிறேன். பொருக்கு இன்னும் உதிரவில்லை, பத்து நாள்தான் ஆகிறது. இந்த வயதில் ஓர் ஆசை, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன். கையா, மெஷினா என்று கேட்டார்கள். மெஷின் என்றேன். வேர்த் தட்டை மட்டும் உப்புநீரிலிருந்து வெளியே எடுத்துவிடக் கூடாது என்று அங்கிருந்த நர்ஸம்மாவிடம் மூன்று தரம் சொன்னேன்.