கை குலுக்கும் பிடி

பிரிஞ்சாங்கிலிருந்து கீழே இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இருவர். ஒருவர் மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். மடியில் டென்னிஸ் மட்டை.

"இனிமே ரேக்கெட்ட கை குலுக்குற மாதிரிதான் பிடிக்கணுமாம் மச்சான். டாக்டர் சொல்லிட்டாரு."

"பழையபடி உள்ளங்கைய அடியில குடுத்துப் பிடிச்சா?"

"பந்து நல்லா சுத்தும். ஆனா மணிக்கட்டு திரும்பவும் போயிரும்."

"கை குலுக்குற பிடியில?"

"பந்து சப்பையா போவுது. ஞாயித்துக்கிழமை நாம தோத்துருவோம் லா. கப்பு பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிரும். இந்த ஒரு ஆட்டம் மட்டும் பழைய பிடியில ஆடிரவா?"

மச்சான் தன் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"கொழுந்து வெட்டுற மெஷின ரெண்டு பேரு தூக்கணும். நீ லீவு போட்டதுலருந்து உன் பக்கம் யாரு பிடிக்கிறான் தெரியுமா? கங்காணி மவன். குட்டையன். மெஷின் அவன் பக்கமே சாயுது, எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு."

"அதுக்கு?"

"கப்பு போனா போவுது. நீ கை குலுக்கியே ஆடு."