பதினேழாம் எண்ணின் பழைய சாவி

மார்ச் 12, புதன்.

நேற்று ஒரு சிறு தவறு செய்தேன். மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டதால், பதினேழாம் எண் சென்சாரின் சாவியைக் கணினியில் மட்டும் மாற்றிவிட்டு, சென்சாரிலும் மாற்றியதாகப் பதிவேட்டில் குறித்துவிட்டேன். மற்ற இருபத்திரண்டையும் ஒழுங்காக முடித்தேன். பதினேழு கழிவுநீர்க் குழிக்குள் இருக்கிறது, படிகள் வழுக்கும்.

சாவி என்பது நீளமான ஒரு ரகசிய எண். சென்சார் குழியின் நச்சுவாயுவை அளந்து, செய்தியைத் தன் சாவியால் பூட்டி, கம்பியில்லாமல் மேலே அனுப்பும். கணினியிலும் அதே சாவி இருந்தால் செய்தி திறக்கும். அளவு மீறியிருந்தால் சைரன் ஊதும். பொருந்தாவிட்டால், யாரோ வெளியாள் அனுப்பியது என்று ஒதுக்கிவிடும். மாதம் ஒருமுறை சாவியை மாற்றி, பழையதை அழிக்க வேண்டும். நான் அழிக்கும் முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பேன். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

இன்று பத்தரைக்கு அக்காவின் கணவர் கையுறையை மாட்டிக்கொண்டே என் அறை வாசலில் நின்றார்.

“குழிக்குள்ள இறங்கறேன் மச்சான். உன் பெட்டி முழிச்சிருக்கா?”

“முழிச்சுத்தான் இருக்கு அத்தான்.”

“அது முழிச்சிருக்கும். நீ தூங்கிடாதே.”

காலையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒதுக்கப்பட்டுவந்த செய்திகள், பத்து நாற்பதுக்கு ஐந்து நொடிக்கு ஒன்றாயின. ஆபத்து என்றால்தான் சென்சார் அப்படி அனுப்பும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமல் நிச்சயமாக எப்படிச் சொல்வது? பழைய சாவியைப் போட்டால் படிக்கலாம். போட்டதும் பதிவாகும், என் பொய்க் குறிப்பும் வெளியே வரும். அடுத்த வாரம் என்னை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். குழிவாய் என் நாற்காலியிலிருந்து நாற்பது அடி. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள்.

எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று ஐந்துக்கு வேகம் குறைந்தது. மொத்தம் முந்நூறு. மறுபடி எண்ணியபோது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது. எது சரி என்று இன்னும் தெரியவில்லை.

சாப்பாட்டு வேளையில் ஆளைக் காணோமே என்று மேஸ்திரி போய்ப் பார்த்தார்.

மாலையில் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “நீதானேடா மேல உட்கார்ந்திருந்தே. ஒரு சத்தம்கூடவா வரல?”

“ஒண்ணும் வரலக்கா.”

அது பொய்யில்லை. படிக்கக்கூடியதாக எதுவும் வரவில்லை.

அந்த முந்நூறும் கணினியில் பூட்டியபடியே கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருகிறார்கள். பழைய சாவி இப்போது இரண்டே இடத்தில்தான் இருக்கிறது: பதினேழிலும், இந்த நோட்டிலும். யோசித்துப் பார்த்தால், அதை அழிக்காமல் வைத்திருந்ததுதான் நான் செய்த பெரிய தவறு. விதியை மீறிவிட்டேன்.

நாளை: காலை எட்டுக்குப் பதினேழில் புதுச் சாவி போட வேண்டும். படியில் கவனம். பிறகு கடைசிப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும்.